தீம் மாற்றினேன், பக்கம் மாறவில்லை: கோளாறை எங்கே தேடுவது?

வலைத்தளத்தின் தீம் ஃபைலைத் திறந்து தலைப்புப் பட்டையின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சையாக்கி, சேவ் செய்து, பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் நீலமே வந்து நிற்கிறது. இந்த இடத்தில் பலரும் செய்வது என்ன? அந்த வரியின் கடைசியில், மற்ற விதிகளை மீறச் சொல்லும் இம்பார்ட்டன்ட் குறியைச் சேர்த்துப் பார்ப்பது, அப்புறம் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டுவது, அப்புறம் பிரவுசர் சேமித்து வைத்த நகல்களை, அதாவது கேச்சை, மொத்தமாக அழிப்பது, ஏதோ ஒன்றில் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமலே அடுத்த வேலைக்குப் போய்விடுவது. சிக்கல் மறுபடி வரும்போது அதே சுற்று மறுபடி தொடங்கும்.

இதற்கு ஊகம் தேவையில்லை. நீங்கள் எழுதிய ஒரு வரி திரையில் நிறமாகத் தெரிவதற்கு முன் ஒரு நீண்ட வழியைக் கடந்து வருகிறது, அந்த வழியில் எந்த இடத்தில் அது நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். இடம் தெரிந்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒரே வரிதான்.

முதலில் அந்த வழி எது என்று பார்த்துவிடலாம். சர்வரே பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் அப்ளிகேஷன்கள் இருக்கின்றன: எக்ஸ்பிரஸில் டெம்ப்ளேட் (பக்கத்தின் அச்சு) வைத்து எழுதியது, நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் எழுதியது, கோஸ்ட் மாதிரி தயாராகக் கிடைக்கும் பதிப்பு மென்பொருள். இவற்றில் ஜாவாஸ்கிரிப்ட்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ் சர்வரில் ஓடி, டெம்ப்ளேட்டையும் தகவலையும் சேர்த்து எச்டிஎம்எல் ஆக்கி அனுப்புகிறது, பிரவுசர் அதைப் படித்துவிட்டு அதில் குறிப்பிட்ட சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்), ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துரு, படம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. தீம் என்பது இந்த அப்ளிகேஷனின் சொந்தத் தோற்றத்துக்கு மேல் நாம் போடும் டெம்ப்ளேட்டுகளும் சிஎஸ்எஸ்ஸும் படங்களும் அடங்கிய ஒரு ஃபோல்டர். ஆக, நாம் எழுதிய வரி மூல ஃபைலில் தொடங்கி, மூல ஃபைல்களைச் சுருக்கிப் பிரவுசருக்கு ஏற்றபடி மாற்றும் பில்ட் கருவி வழியாக, சர்வர் எடுத்துக் கொடுக்கும் ஃபோல்டருக்குப் போய், அங்கிருந்து சிடிஎன் (ஃபைல்களின் நகலை வைத்துக் கொடுக்கும் இடைநிலை சர்வர்கள்) இருந்தால் அதன் வழியாக, பிரவுசரின் கேச்சைத் தாண்டி, கடைசியில் பக்கத்தில் இருக்கும் மற்ற சிஎஸ்எஸ் விதிகளோடு போட்டியிட்டு வென்றால்தான் பச்சை தெரியும்.

வேறு எதையும் தொடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: அப்ளிகேஷனோடு வந்த இயல்பான தீமுக்கு மாறிப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு இருந்தால் உங்கள் தீமில் தேடுவது வீண், அப்ளிகேஷனிலோ சர்வர் அமைப்பிலோ பிழை இருக்கிறது. ஒரு நிமிட வேலை, ஆனால் பலர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

சரி, கோளாறு நம் தீமில்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது வழியை இரண்டாகப் பிளக்க ஒரே கேள்வி போதும்: என் வரி பிரவுசர் வரை வந்து சேர்ந்ததா?

எஃப்12 அழுத்தி, பிரவுசரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். வரும் பட்டியலில் உங்கள் சிஎஸ்எஸ் ஃபைலைக் கிளிக் செய்து, ரெஸ்பான்ஸ் பகுதிக்குப் போய், கன்ட்ரோல் எஃப் அழுத்தி நீங்கள் எழுதிய நிறத்தைத் தேடுங்கள். கிடைத்தால் பில்ட், சர்வர், கேச் மூன்றும் குற்றமற்றவை, இனி சிஎஸ்எஸ் விதிகளை மட்டும் பார்த்தால் போதும். கிடைக்காவிட்டால் சிஎஸ்எஸ் விதிகளைத் தொடவே வேண்டாம், இம்பார்ட்டன்ட் சேர்ப்பதால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அந்த வரியே இன்னும் வரவில்லை.

தேடுவதற்கு அடையாளமாக ஒரு கமென்ட் எழுதி வைக்கலாமே என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். பில்ட் கருவிகள் ஃபைலைச் சுருக்கும்போது கமென்ட்களை நீக்கிவிடும், வரி வந்திருந்தும் வரவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். அதற்குப் பதிலாக உண்மையான ஒரு விதியையே எழுதுங்கள்: பாடிக்கு 7 பிக்சல் தடிமனில் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு அவுட்லைன் போடுங்கள். வந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

வரி வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிஎஸ்எஸ் ஃபைல் பட்டியலில் இருக்கிறதா என்பது. இல்லவே இல்லை என்றால் டெம்ப்ளேட்டில் அதற்கான லிங்க் வரி இல்லை, அல்லது சர்வர் வேறு டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பில் 404 என்று இருந்தால் முகவரி தவறு. இதில் ஆரம்பக்காரர்களை அதிகம் சிக்கவைப்பது சார்பு முகவரி. டெம்ப்ளேட்டில் முன்னால் சாய்கோடு இல்லாமல் சிஎஸ்எஸ் முகவரியை எழுதினால், பிரவுசர் அதை இப்போது இருக்கும் பக்கத்தின் முகவரியோடு ஒட்டிப் பார்க்கும். அதனால் முகப்புப் பக்கத்தில் தீம் அழகாக வரும், இரண்டு படி உள்ளே இருக்கும் கட்டுரைப் பக்கத்தில் வெறும் எழுத்து மட்டும் நிற்கும். ஆனால் சிஎஸ்எஸ் ஃபைலுக்குள் படத்துக்கோ எழுத்துருவுக்கோ கொடுக்கும் சார்பு முகவரி பக்கத்தை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, அந்தச் சிஎஸ்எஸ் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துத்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி 404 காணாமல் போகும்.

இன்னொன்று பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸிலும் மேக்கிலும் இயல்பான அமைப்பில் ஃபைல் பெயரில் இந்த வேறுபாடு பார்க்கப்படுவதில்லை, லினக்ஸில் பார்க்கப்படும். லேப்டாப்பில் ஓடிய தீம் சர்வரில் ஏற்றியதும் உடைந்தால், ஃபைல் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

கொஞ்சம் வஞ்சகமான ஒரு நிலை இருக்கிறது. ஸ்டேட்டஸ் 200 என்று பச்சையாகக் காட்டும், ஆனால் ரெஸ்பான்ஸைத் திறந்தால் உள்ளே சிஎஸ்எஸ் இல்லை, ஒரு முழு எச்டிஎம்எல் பக்கம் இருக்கும். சர்வர் தனக்குத் தெரியாத எந்த முகவரிக்கும் முகப்புப் பக்கத்தையே கொடுக்கும்படி எழுதப்பட்டிருந்தால் இப்படி நடக்கும், லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும் அப்ளிகேஷன்களிலும் நடக்கும். அனுப்பியது எச்டிஎம்எல் வகை என்று சர்வரே சொல்வதால் பிரவுசர் அதை ஸ்டைல் ஷீட்டாக ஏற்க மறுத்துவிடும், டெவ்டூல்ஸின் கன்சோல் டேபில் மைம் டைப் (ஃபைலின் வகை) பொருந்தவில்லை என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்த்ததும் மைம் டைப்பை எப்படி மாற்றுவது என்று தேடப் போகாதீர்கள், பெரும்பாலும் முகவரிதான் தவறு.

ஃபைல் வருகிறது, சிஎஸ்எஸ்தான் வருகிறது, ஆனால் பழையது வருகிறது என்றால்? இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், பழையதைப் பிடித்து வைத்திருக்கக்கூடிய இடங்கள் பல.

முதலில் சர்வர் இருக்கும் கணினியிலேயே, சர்வர் எடுத்துக் கொடுக்கும் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். மூல ஃபைலை அல்ல, பில்ட் முடிந்து வெளியே வந்த ஃபைலை. அதிலேயே பழையது இருந்தால் பில்ட் ஓடவில்லை, அல்லது வேறு ஃபோல்டரில் எழுதிவிட்டது. அதில் புதியது இருந்தால் அடுத்து கேச்.

நெட்வொர்க் டேபில் சைஸ் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். டிஸ்க் கேச் அல்லது மெமரி கேச் என்று குரோமில் காட்டினால், பிரவுசர் சர்வரைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். சர்வர் முன்பு அனுப்பியபோது கேச்-கன்ட்ரோல் என்ற ஹெடரில் (பதிலோடு வரும் குறிப்பில்) மேக்ஸ்-ஏஜ் 31536000 என்று சொல்லியிருந்தால், அது வினாடிக் கணக்கில் சரியாக ஒரு வருடம். அந்த ஒரு வருடத்துக்கு அதே முகவரியைப் பிரவுசர் மறுபடி கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அது தவறும் செய்யவில்லை, நாம் சொன்னபடி நடக்கிறது. ஸ்டேட்டஸ் 304 என்றால் கதை வேறு: பிரவுசர் கேட்டது, சர்வர்தான் ஃபைல் மாறவில்லை என்று பதில் சொன்னது. அப்போது சர்வர் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நிரந்தரத் தீர்வு ஃபைல் பெயரிலேயே அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷைச் சேர்ப்பது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் பெயர் மாறும், பெயர் மாறினால் பிரவுசருக்கு அது புது ஃபைல். இன்றைய பில்ட் கருவிகள் பெரும்பாலானவை இதைத் தாமே செய்கின்றன. ஆனால் புதுப் பெயரைச் சொல்வது எச்டிஎம்எல், அந்த எச்டிஎம்எல்லையே நீண்ட காலத்துக்குக் கேச் செய்துவிட்டால் எல்லாம் வீண். எச்டிஎம்எல்லுக்கு நோ-கேச் என்று கொடுங்கள். பெயரைப் பார்த்தால் சேமிக்கவே கூடாது என்பது போல இருக்கும், அது சொல்வது வேறு: சேமித்துக்கொள், ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டு உறுதி செய். சேமிக்கவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர்.

டெவ்டூல்ஸில் கேச்சை முடக்கும் டிக் பெட்டி ஒன்று இருக்கிறது, தீம் வேலை செய்யும்போது அதைப் போட்டு வைப்பது நல்லது. ஆனால் டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் அது செல்லும். உங்களுக்கு மட்டும் புதிய தீம் தெரிந்து, மற்ற எல்லோருக்கும் பழையது தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் அழுத்தினால் புதியது வருகிறது, சாதாரண ரெஃப்ரெஷில் பழையது திரும்புகிறது என்றால் அந்தத் தளத்தில் சர்வீஸ் வொர்க்கர் இருக்கிறதா என்று அப்ளிகேஷன் டேபில் பாருங்கள். அது பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே உட்கார்ந்து, தன்னிடம் சேமித்து வைத்ததையே எடுத்துக் கொடுக்கக்கூடியது, வலுவான ரெஃப்ரெஷ் மட்டும் அதைத் தாண்டிப் போகும்.

சிஎஸ்எஸ் எல்லாம் புதிதாக வந்து, எச்டிஎம்எல் அமைப்பு மட்டும் பழையபடி இருந்தால் சந்தேகம் டெம்ப்ளேட் கேச் மீது. எக்ஸ்பிரஸ் ப்ரொடக்‌ஷன் மோடில், அதாவது உண்மையான பயனர்களுக்காக, ஓடும்போது டெம்ப்ளேட்டை ஒருமுறை எடுத்து நினைவில் வைத்துக்கொள்ளும், டெவலப்மென்ட் மோடில் அப்படிச் செய்யாது. லேப்டாப்பில் உடனே தெரிந்த மாற்றம் சர்வரில் தெரியாமல் போவது இதனால்தான், சர்வர் ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

இதுவரை வரி வரவில்லை என்ற பாதி. வரி வந்துவிட்டது, இருந்தும் பச்சை தெரியவில்லை என்பது மறுபாதி.

அந்தத் தலைப்புப் பட்டையின் மீது வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள், ஸ்டைல்ஸ் பகுதியில் உங்கள் விதியைத் தேடுங்கள். மூன்றில் ஒன்றுதான் இருக்க முடியும். விதி அங்கே இல்லவே இல்லை, அல்லது கோடு அடித்து இருக்கிறது, அல்லது கோடில்லாமல் இருந்தும் வேலை செய்யவில்லை.

இல்லவே இல்லை என்றால் செலக்டர், அதாவது விதி எந்த டேகுக்கு என்று சொல்லும் பகுதி, பொருந்தவில்லை. கிளாஸ் பெயரில் பிழை இருக்கலாம், அப்ளிகேஷனின் புதிய பதிப்பில் அந்தக் கிளாஸ் பெயரே மாறியிருக்கலாம். இயல்பான தீமை முழுசாகக் காப்பி எடுத்து அதில் திருத்தம் செய்பவர்களுக்கு ஒவ்வொரு அப்கிரேடிலும் இந்தத் தொல்லை வரும், அதனால் முடிந்தவரை மாற்ற வேண்டியதை மட்டும் மேலே எழுதுவது மேல். கோஸ்ட் பயன்படுத்துபவர்களுக்கு ஜிஸ்கேன் என்ற கருவி இருக்கிறது, தீம் புதிய பதிப்போடு பொருந்துகிறதா என்று அது சோதித்துச் சொல்லும். செலக்டர் சரியாக இருந்தும் விதி காணவில்லை என்றால் அதற்கு மேலே இருக்கும் விதியில் மூடாத அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு அடைப்பு விட்டுப்போனால் அதன் கீழே இருப்பவை உங்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் பிரவுசருக்கு வேறாகத் தெரியும். இம்போர்ட் வரி ஃபைலின் நடுவில் இருந்தாலும் பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது, சாதாரண விதிகளுக்கு மேலேதான் அது இருக்க வேண்டும்.

கோடு அடித்திருந்தால் வேறொரு விதி வென்றிருக்கிறது. எது வென்றது என்பதும் அங்கேயே மேலே தெரியும். ஐடி வைத்த செலக்டர் எத்தனை கிளாஸ் வைத்த செலக்டரையும் வெல்லும், கிளாஸ் வைத்தது வெறும் டேக் பெயரை வெல்லும், இரண்டும் சமமானால் பின்னால் வந்தது வெல்லும். 2022 முதல் எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் விதிகளை அடுக்குகளாகப் பிரிக்கும் லேயர் வசதி வந்துவிட்டது, அதில் நினைவில் வைக்க வேண்டியது, எந்த லேயரிலும் சேராத விதி லேயருக்குள் இருக்கும் விதியை வெல்லும், செலக்டர் எவ்வளவு பலமாக இருந்தாலும். அதனால் உங்கள் தீமை லேயருக்குள் வைத்துவிட்டு அப்ளிகேஷனின் சிஎஸ்எஸ் வெளியே இருந்தால் நீங்கள் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். இம்பார்ட்டன்ட் போட்டு ஜெயிப்பது அன்றைக்கு வேலையை முடித்துக்கொடுக்கும், அடுத்து இருண்ட நிறத் தீம் எழுதும்போது அதையே வெல்ல இன்னொரு இம்பார்ட்டன்ட் போட வேண்டி வரும். யார் வென்றார்கள், ஏன் வென்றார்கள் என்று பார்த்து அதே பலத்தில் பின்னால் வருகிற மாதிரி எழுதுங்கள்.

மூன்றாவது நிலைதான் நிறையப் பேரை மணிக்கணக்கில் உட்கார வைக்கிறது. பெரும்பாலும் காரணம் சிஎஸ்எஸ் மாறிகள். ஒரு உதாரணத்தைப் பொறுமையாகப் பார்ப்போம். இயல்பான தீமில், ரூட் செலக்டரில் இரண்டு மாறிகள் இருக்கின்றன. முதலாவது முதன்மை நிறம், மதிப்பு நீலம். இரண்டாவது பட்டன் பின்னணி, அதன் மதிப்பு முதன்மை நிறம் எதுவோ அதுவே என்று எழுதியிருக்கிறது. நீங்கள் பாடி டேகுக்கு ஒரு கிளாஸ் கொடுத்து, அதில் முதன்மை நிறத்தைப் பச்சையாக மாற்றுகிறீர்கள். முதன்மை நிறத்தை நேரடியாகப் பயன்படுத்தும் லிங்க்குகள் எல்லாம் பச்சையாகிவிடும், பட்டன் மட்டும் நீலமாகவே நிற்கும். டெவ்டூல்ஸில் பார்த்தால் கோடும் இல்லை, பிழையும் இல்லை.

என்ன நடந்தது? பட்டன் பின்னணி என்ற மாறி எழுதப்பட்டது ரூட்டில், அதாவது எச்டிஎம்எல் டேகில். அந்த இடத்தில் முதன்மை நிறம் நீலம், எனவே பட்டன் பின்னணியின் மதிப்பு அங்கேயே நீலம் என்று முடிவாகிவிட்டது. கீழே இருக்கும் டேகுகளுக்கு இறங்கி வருவது அந்த முடிவான நீலம், முதன்மை நிறத்தைப் பார்த்துக்கொள் என்ற குறிப்பு அல்ல. பாடியில் நீங்கள் மாற்றியது அதைத் தொடவே தொடாது. திருத்தம் எளிது: உங்கள் கிளாஸைப் பாடியிலிருந்து எடுத்து எச்டிஎம்எல் டேகுக்கே கொடுங்கள், உங்கள் சிஎஸ்எஸ் பின்னால் வந்தால் இரண்டாவது மாறியும் புது மதிப்போடு கணக்கிடப்படும். அல்லது பட்டன் பின்னணியையும் உங்கள் கிளாஸிலேயே மறுபடி எழுதிவிடுங்கள்.

மாறியின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினாலும் இதே மாதிரி சத்தமில்லாமல் கெட்டுப்போகும். மேலே இன்னொரு விதியில் ஒழுங்கான நிறம் இருக்கிறதே, அது வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், வராது. பின்னணி என்றால் நிறமற்றதாகிவிடும், எழுத்து நிறம் என்றால் தாய் டேகின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். மாறிகளின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் வெப் காம்போனென்ட்கள், அதாவது தம் எச்டிஎம்எல்லையும் சிஎஸ்எஸ்ஸையும் தமக்குள்ளேயே வைத்திருக்கும் தனி டேகுகள். இன்ஸ்பெக்ட் செய்யும்போது டேகுக்குள் ஷேடோ ரூட் என்று தெரிந்தால், வெளியே நீங்கள் எழுதும் செலக்டர் அதற்குள் போகாது, எவ்வளவு நீளமாக எழுதினாலும். மாறிகளும், எழுத்து நிறம், எழுத்துரு போலத் தாய் டேகிலிருந்து இறங்கும் பண்புகளும் உள்ளே இறங்கும், காம்போனென்ட் எழுதியவர் பார்ட் என்று பெயரிட்டுத் திறந்துவைத்த பகுதிகளைத் தொடலாம், அவ்வளவுதான்.

இருண்ட நிறத் தீமில் பக்கம் முதலில் வெள்ளையாக மின்னிவிட்டு இருட்டாவது இன்னொரு கோளாறு, சர்வரில் எச்டிஎம்எல் தயாராகும் அப்ளிகேஷன்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். பயனரின் விருப்பத்தை பிரவுசரிலேயே இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்திருந்தால் சர்வருக்கு அது தெரிய வழியே இல்லை, அது வெள்ளைத் தீமோடு பக்கத்தை அனுப்பும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பின்தான் இருட்டாகும். ரியாக்ட் மாதிரி இருந்தால் சர்வர் எழுதியதும் பிரவுசர் எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்று கன்சோலில் ஹைட்ரேஷன் எச்சரிக்கையும் வரும். விருப்பத்தைக் குக்கியில் வைத்தால் ஒவ்வொரு கோரிக்கையோடும் அது சர்வருக்குப் போகும், சர்வரே சரியான தீமை எச்டிஎம்எல் டேகில் எழுதி அனுப்பலாம். அப்படிச் செய்யும்போது அந்தப் பக்கங்களைச் சிடிஎன் எல்லோருக்கும் பொதுவாகச் சேமிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் தேர்ந்தெடுத்த இருட்டு இன்னொருவருக்குப் போகும். குக்கி வேண்டாம் என்றால் ஹெட் பகுதியில், எதையும் வரைவதற்கு முன் ஓடும்படி, நாலு வரி ஸ்கிரிப்ட்டை நேரடியாக எழுதலாம். தளத்தில் சிஎஸ்பி என்ற பாதுகாப்பு ஹெடர் இருந்தால் அந்த ஸ்கிரிப்ட்டை அது தடுத்துவிடலாம், அப்போது நான்ஸ் (ஒருமுறை மட்டும் செல்லும் அனுமதிக் குறியீடு) கொடுக்க வேண்டியிருக்கும். வேறு டொமைனிலிருந்து எழுத்துரு எடுத்தால் அங்கிருந்து வரும் பதிலில் கார்ஸ் அனுமதி (வேறு தளம் இதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஹெடர்) இருக்க வேண்டும். இவை இரண்டையும் கன்சோல் தெளிவாகச் சொல்லிவிடும், படித்தால் போதும்.

டெவலப்மென்டில் எல்லாம் சரி, ப்ரொடக்‌ஷனில் மட்டும் சில கிளாஸ்கள் காணவில்லை என்றால் பயன்படாத சிஎஸ்எஸ்ஸை வெட்டும் கருவியைப் பாருங்கள். டெயில்விண்ட் போன்றவை உங்கள் ஃபைல்களில் முழுசாக எழுதியிருக்கும் கிளாஸ் பெயர்களைத்தான் தேடும். பெயரின் பாதியை எழுதி மீதியை நிறத்தின் பெயரோடு ஒட்டி ஓடும்போது உருவாக்கினால் அதற்குத் தெரியாது. முழுப் பெயர்களையும் எழுதி அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றுங்கள்.

கடைசியாக, ரெஃப்ரெஷ் செய்யச் செய்ய ஒரு முறை புதியதும் ஒரு முறை பழையதும் மாறி மாறி வருகிறதா? அப்ளிகேஷன் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசஸில் ஓடுகிறது, அதில் ஒன்று இன்னும் பழைய பதிப்பில் இருக்கலாம். ஹாஷ் பெயர் வைத்திருந்தால் இதன் விளைவு இன்னும் மோசம்: புதிய ப்ராசஸ் கொடுத்த எச்டிஎம்எல் புதிய சிஎஸ்எஸ் ஃபைலைக் கேட்கும், அந்தக் கோரிக்கை பழைய ப்ராசஸுக்குப் போகும், அங்கே அந்தப் பெயரில் ஃபைல் இல்லை, 404. எனவே புதிய பதிப்பை ஏற்றும்போது முதலில் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களை எல்லா இடத்திலும் வைத்துவிட்டு, அதன் பிறகு ப்ராசஸ்களை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய ஹாஷ் ஃபைல்களையும் உடனே அழிக்காமல் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள், பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர்களின் பிரவுசர் அவற்றை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்.